ஓட்டுப் போடச் சொன்னால் மட்டும் போதுமா?

ஜனவரி 25 வந்துவிட்டால் ஆண்டுதோறும் நமது நாட்டில் ஒரு சடங்கு நடக்கிறது. 2011-லிருந்து அந்த நாளுக்குத் தேசிய வாக்காளர் தினம் என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்துகிறார்கள். கையில் அட்டை, அட்டையில் வாசகம். அதிகாரி ஒருவர் உறுதிமொழி படிக்க, ஓட்டுரிமை இன்னும் வராத அந்தச் சிறுவர்கள் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். ஊர்வலம் கடைத்தெருவைச் சுற்றி வருகிறது. படம் எடுத்தாகிறது. அத்துடன் ஜனநாயகத்துக்குச் செய்ய வேண்டிய கைங்கரியம் முடிந்தது! அட்டைகள் அடுத்த ஆண்டு வரை பரணில் தூங்கப் போகின்றன.

ஓட்டுப் போடு என்று சொல்வதில் நமக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. ஒரு ஓட்டுக்கூட வீணாகக் கூடாது என்பதில் நமக்குள்ள அக்கறை எந்த அதிகாரிக்கும் குறைந்ததல்ல. நாம் கேட்பது வேறு. ஓட்டுப் போடச் சொல்லி வருகிற தொண்டர்கள், போட்ட மறுநாள் எங்கே போகிறார்கள்? அரிமளம் கடைத்தெருவில் துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டுப் போன வாலிபர் சங்கம், அதே தெருவில் சாக்கடை உடைந்து மூன்று மாதம் கிடக்கும்போது ஏன் கண்ணில் படுவதில்லை?

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "நாங்கள் அரசியல் கலக்காதவர்கள். வாக்காளர் விழிப்புணர்வு மட்டும்தான் எங்கள் வேலை." இந்த "அரசியல் கலக்காத" என்கிற வார்த்தையை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

யார் ஓட்டுப் போடுவதில்லை?

முதலில், இந்த உபதேசம் யாருக்காகச் செய்யப்படுகிறது என்று பார்ப்போம். கேட்பவர்கள் பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். படிக்காதவன், பொறுப்பற்றவன், பணத்துக்கு ஓட்டை விற்பவன் என்று அவனைப் பற்றி ஏற்கெனவே ஒரு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அவனுக்குப் புத்தி சொல்லத்தான் நகரத்திலிருந்து காரில் வருகிறார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது? 2024 பாராளுமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதற்குமான வாக்குப் பதிவு 69.72 சதவிகிதம். எல்லாவற்றிலும் கீழே இருந்த தொகுதி எது? மத்திய சென்னை, 53.96. அதற்கு அடுத்தாற்போல் தென் சென்னை, 54.17. கல்லூரிகளும் கம்பெனிகளும் கிளப்புகளும் நிறைந்த இடங்கள்! எல்லாவற்றிலும் மேலே இருந்தது தர்மபுரி, 81.20. வானம் பார்த்த பூமி. பிழைப்புக்காக வெளியூர் போகிறவர்கள் நிறைந்த மாவட்டம். அந்த மாவட்டத்து ஜனங்களா ஓட்டின் அருமை தெரியாதவர்கள்? ஊர்வலம் நடத்த வேண்டுமானால் அடையாற்றிலும் நுங்கம்பாக்கத்திலும் நடத்துங்கள் ஐயா!

பண விஷயமும் அப்படித்தான். 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய இரண்டு சட்டசபைத் தொகுதிகளில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே ரத்து செய்தார்கள். 2017-ல் ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தல், 2019-ல் வேலூர் பாராளுமன்றத் தேர்தல் ஆகியவற்றுக்கும் அதே கதி. பெட்டி பெட்டியாகப் பணத்தைக் கொண்டுவந்தவர்கள் யார்? வாங்கினவன் கையில் இருநூறு, ஐந்நூறு. கொடுத்தவன் கையிலோ கோடிகள். ஆனால் விழிப்புணர்வு அட்டை மட்டும் வாங்கினவன் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறது. கொடுத்தவன் பங்களா வாசலுக்கு ஓர் ஊர்வலம் போனதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

பணம் வாங்குவது தவறில்லை என்று நாம் சொல்லவில்லை. தவறுதான். ஆனால் ஐந்து வருஷத்தில் தன் வீட்டு வாசலுக்கு அரசியல் ஒரே ஒரு தடவை வருகிறது என்பது அந்தக் கூலிக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு தடவையில் கிடைத்ததை வாங்கிக்கொள்கிறான். மாதம் ஒரு தடவை அவனோடு உட்கார்ந்து பேச ஆள் இருந்தால் இந்த வியாபாரம் இவ்வளவு சுலபமாக நடக்குமா?

பெயர் இருந்தால்தானே ஓட்டு!

விடுதலைக்குப் பிறகு நடந்த முதல் பொதுத் தேர்தல் 1951-52ல். அப்போது வாக்காளர் பட்டியல் தயாரிக்கப் போனவர்களுக்கு ஒரு விசித்திரமான தொல்லை வந்தது. லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டும் எழுதச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் கமிஷனராக இருந்த சுகுமார் சென் அப்படிப்பட்ட பதிவுகளை ஏற்க முடியாது என்றார். விளைவு, சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. பெரும்பாலும் வடக்கே உள்ள ராஜ்யங்களில்தான். ஆனாலும் பாடம் எல்லோருக்கும் பொது. பட்டியலில் பெயர் ஏறுவது என்பதே ஒரு போராட்டம்.

அது பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2025-ல் தேர்தல் கமிஷன் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்ற பெயரில் பட்டியலை அடியோடு புரட்டியது. நவம்பர் 4-ல் வீடு வீடாகப் படிவம் கொடுக்கத் தொடங்கினார்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற காலம். நடவும் களையெடுப்பும் நடக்கிற காலம். டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வெளிவந்தபோது 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைக் காணவில்லை! அவற்றில் 66 லட்சத்துக்கு மேல் "இடம் பெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள்" என்ற கணக்கில் போனவை. செத்தவர் பெயரையும் இரட்டைப் பதிவையும் எடுப்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவைக் கட்டட வேலைக்கும் போனவன் "முகவரியில் இல்லாதவன்" என்றால், பிழைக்கப் போனது ஒரு குற்றமா?

தொண்டர்களின் வேலை இங்கேதான் இருக்கிறது. புதிதாகப் பெயர் சேர்க்க 6-ஆம் நம்பர் படிவம். ஆட்சேபிக்கவும் நீக்கவும் 7. திருத்தத்துக்கும் வீடு மாறியதற்கும் 8. பதினெட்டு வயது கணக்கிடும் தேதி முன்பு ஜனவரி 1 மட்டும். 2022-லிருந்து ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் சேர்ந்திருக்கின்றன. இதை எத்தனை குடும்பங்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? பட்டியலைத் திண்ணையில் வைத்துத் தெருத் தெருவாக உரக்கப் படித்தால், விடுபட்ட பெயர் எது, கட்டிக்கொடுத்து வெளியூர் போன பெண் எந்தப் பட்டியலிலாவது இருக்கிறாளா, ஆறு வருஷத்துக்கு முன் செத்தவர் இன்னும் "உயிரோடு" இருக்கிறாரா என்பதெல்லாம் ஒரு மாலை நேரத்தில் தெரிந்துவிடும். இதற்கு ஒலிபெருக்கி வேண்டாம், மேடை வேண்டாம். அதனால்தானோ என்னவோ, பிரமுகர்கள் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135-பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஓட்டுப் பதிவு நாளில் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும். தினக்கூலிக்கும் அது பொருந்தும். கொடுக்காத முதலாளிக்கு என்ன தண்டனை தெரியுமா? ஐந்நூறு ரூபாய் வரை அபராதம்! ஒரு நாள் கூலியையும், வந்து போகிற பஸ் சார்ஜையும் இழந்துவிட்டு அரிமளத்துக்கு ஓட்டுப் போட வருகிற கட்டடத் தொழிலாளிக்கு அதைவிட அதிகம் செலவாகும். சட்டத்தை மதிக்காத முதலாளியைவிடக் கடமையைச் செய்கிற தொழிலாளி அதிகம் கட்டுகிறான். இந்த 135-பி பிரிவை அட்டையில் எழுதிக்கொண்டு எந்த ஊர்வலமாவது போயிருக்கிறதா?

நம் ஜில்லாவிலேயே நடந்த கதை

தொண்டர்கள் என்றால் யார், அவர்களால் என்ன செய்ய முடியும் என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1991-92ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தைப் பார்த்தால் போதும். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அதிகாரிகளில் அபூர்வமான ஒருவர் என்று ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் இயக்கத்தைத் தோளில் தூக்கிச் சுமந்தவர்கள் சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கான வாலிபர்களும் பெண்களும் பள்ளி ஆசிரியர்களும்தான்.

பகலெல்லாம் வயலிலும் கல் குவாரியிலும் வேலை செய்தவர்கள் இராத்திரியில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்தைக் கற்றார்கள். ஐம்பது வயதுக்காரி தன் பெயரைத் தன் கையால் எழுதினாள். 1952-ல் பெயரைச் சொல்லவே வெட்கப்பட்ட 28 லட்சம் பேரை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்! கைநாட்டு வைத்த விரல் பேனா பிடித்தது. தேர்தல் கமிஷனின் எந்த ஊர்வலத்தையும்விடப் பெரிய வாக்காளர் விழிப்புணர்வு இதுதான் என்று நாம் சொல்லுவோம்.

எழுத்தோடு நிற்கவில்லை. பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கிராமத்துப் பெண் சைக்கிளில் ஏறினால் ஊரே கைகொட்டிச் சிரித்த காலம் அது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். சைக்கிள் கற்ற பெண்கள் ஒரு லட்சத்துக்குக் குறையாது என்பது அவர் தருகிற கணக்கு. 1992-ல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவிடத்தில் தங்கள் சைக்கிள் திறமையைக் காட்டினார்கள் என்றும் எழுதுகிறார். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்களாம். அதிலும் ஒரு வசதி கண்டார்கள்: முன்னால் இருக்கிற கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம்!

சைக்கிளுக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். ஒரு பெண் யூனியன் ஆபீசுக்குப் போக வேண்டுமானால் முன்பு புருஷனோ அண்ணனோ கூட வரவேண்டும். அல்லது எப்போதோ வரும் பஸ்ஸுக்குக் காத்துக்கிடக்க வேண்டும். சைக்கிள் வந்தபின் அவள் தானாகப் போனாள். மனுவைத் தானே எழுதினாள். பதில் வராவிட்டால் மறுபடியும் போனாள். குவாரிகளில் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். காண்டிராக்டர் இல்லாமல் கல் உடையும் என்று கண்ட பெண்ணிடம் போய், யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று காண்டிராக்டர் உத்தரவு போட முடியுமா?

காண்டிராக்டர்களுக்கு இது பிடிக்குமா? ஒருபோதும் பிடிக்காது. எழுத்து சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொள், குவாரிக் கணக்கு உனக்கெதற்கு என்பதுதான் அவர்கள் கட்சி. "அரசியல் கலக்காதே" என்பதன் உண்மையான பொருள் இதுதான்.

இந்த இயக்கத்தின் முதல் வேகம் நிலைத்து நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தொண்டர்கள் பலர் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். சர்க்கார் கையை நம்பி நடக்கிற இயக்கத்துக்கு அந்தக் கை விலகும்போது கால் தள்ளாடும். நம்மவர்களும் இதில் குற்றமற்றவர்கள் அல்ல. இராத்திரிப் பள்ளி நடந்த இடங்களை வாசகசாலைகளாக மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை.

கேட்கத் தொடங்கினால் என்ன நடக்கிறது?

ஜனங்கள் ஓட்டுப் போட வேண்டும் என்று இத்தனை ஆசைப்படுகிற சர்க்கார்கள், அவர்கள் ஓட்டுக்கு என்ன மரியாதை கொடுத்திருக்கின்றன? நம் மாவட்டத்தின் சரித்திரத்தையே புரட்டுவோம்.

1948 மார்ச் 3-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்தது. 1952 தேர்தலிலிருந்து 2004 தேர்தல் வரை புதுக்கோட்டை என்ற பெயரில் ஒரு பாராளுமன்றத் தொகுதி இருந்தது. 1962-லும் 1967-லும் தோழர் ஆர். உமாநாத்தை டில்லிக்கு அனுப்பிய தொகுதி அது. 2008-ல் தொகுதி மறுசீரமைப்பு வந்தது; தொகுதியே இல்லாமல் போயிற்று! புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு. அறந்தாங்கி இராமநாதபுரத்துக்கு. விராலிமலை கரூருக்கு. ஆலங்குடியும், அரிமளம் அடங்கிய திருமயமும் சிவகங்கைக்கு. பாகப்பிரிவினையில் பாத்திரம் பண்டத்தைப் பங்கு போடுவதுபோல ஒரு மாவட்டத்து ஜனங்களை நான்கு பங்காக்கினார்கள். ஒரு மாவட்டத்துக்கு நான்கு எம்.பி.க்கள். ஜனங்கள் கொதித்தார்கள். 2009 தேர்தலில், எந்த வேட்பாளருக்கும் ஓட்டில்லை என்று பதிவு செய்யும் 49-ஓ பிரிவைப் பயன்படுத்தச் சொல்லிப் பிரசாரமே நடந்தது. அந்த வழியை நாம் முழுக்க ஏற்கவில்லை. ஆனால் அது பொறுப்பற்றவர்கள் செய்த வேலையா? தொகுதி போன வேதனையில் சட்டப் புத்தகத்தைத் தேடிப் படித்துப் பிரிவு கண்டுபிடித்தவர்கள், அட்டை பிடித்தவர்களைவிட நல்ல பிரஜைகள்.

உள்ளாட்சித் தேர்தல் கதை இதைவிடக் கேவலம். 2016 அக்டோபரில் தமிழ்நாடு முழுவதும் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. அறிவித்த தேர்தல் கோர்ட்டில் ரத்தானது. பிறகு? வார்டு வரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று சாக்குமேல் சாக்கு. கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது; அதுவும் எல்லா மாவட்டங்களிலும் அல்ல. அரிமளம் போன்ற பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19-ல்! ஐந்து வருஷத்துக்கும் மேலாகத் தெரு விளக்குக்கும் குடிதண்ணீருக்கும் பதில் சொல்ல, ஓட்டு வாங்கிய ஆள் ஒருவர்கூட இல்லை. தனி அதிகாரி ஆட்சி. அந்த ஐந்து வருஷத்திலும் ஜனவரி 25 தவறாமல் வந்தது. உறுதிமொழியும் தவறவில்லை! தேர்தலே நடத்தாதவர்கள் தேர்தலில் ஓட்டுப் போடும்படி சத்தியம் வாங்கினார்கள். பந்தி போடாமலே பசியாற்றியதாகச் சொல்கிற விருந்து இது.

அந்த அனுபவத்துக்குப் பிறகாவது திருந்தினார்களா? 2025 ஜனவரி 5-ல் புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களில் கிராமப் பஞ்சாயத்துகளின் காலம் முடிந்தது. தேர்தல் நடத்தாமல் மீண்டும் தனி அலுவலர்களை உட்காரவைத்தார்கள். 2016-ல் ஒரு கட்சி ஆட்சி. 2025-ல் இன்னொரு கட்சி ஆட்சி. வழக்கம் மட்டும் ஒன்றே.

ஜனங்கள் தாங்களாகக் கூடிப் பேசினால் என்ன ஆகும் என்பதை நெடுவாசல் காட்டியது. 2017 பிப்ரவரி 15-ல் மத்திய சர்க்கார் ஹைட்ரோகார்பன் எடுக்க அனுமதி கொடுத்தது. மறுநாளே ஊர் கூடியது. ஆலமரத்தடியும் கோயில் திடலும் சட்டசபையாயின. பெண்கள் சமைத்துப் போட்டுக்கொண்டே பேசினார்கள், பேசிக்கொண்டே சமைத்தார்கள். வடகாடு, நல்லாண்டார்கொல்லை என்று போராட்டம் பரவியது. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது புதுக்கோட்டையின் ஐந்து ஒன்றியங்கள் அதில் சேர்ந்தன: அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி. நெடுவாசல் அடங்கிய ஒன்றியம் திருவரங்குளம்தான். பட்டியலில் அரிமளம் ஒன்றியம் இல்லை என்பதையும் நம் வாசகர்கள் கவனித்திருப்பார்கள். இங்கே நிலத்தடி நீரைக் குடிக்கிற தைலமரக் காடுகளைப் பற்றியும், காட்டுக்குள் வரப்புப் போட்டு மழைத் தண்ணீரைக் கண்மாய்க்கு வரவிடாமல் மறிப்பதைப் பற்றியும் அரிமளம் வட்டாரத்து விவசாயிகள் குரல் கொடுத்து வந்திருக்கிறார்கள். வாக்காளர் விழிப்புணர்வுக் குழுக்களில் எத்தனை அவர்களோடு போய் உட்கார்ந்தன?

ஓட்டுக்காக உயிர் கொடுத்தவர்கள்

ஓட்டுப் பெட்டி வரை போவதே ஆபத்தாக இருந்த ஊர்களையும் மறந்துவிடக் கூடாது. மதுரை மாவட்டம் மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலுக்கும் கலகத்துக்கும் நடுவே தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-ல் அவரையும் கூட இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலும், விருதுநகர் மாவட்டம் கொட்டக்கச்சியேந்தலிலும் பத்து வருஷ காலம் இதே ஒதுக்கீட்டை நடக்கவிடவில்லை. வேட்புமனு போட ஆளில்லாமல் செய்தார்கள்; ஜெயித்தவரை அன்றைக்கே ராஜினாமா செய்யவைத்தார்கள்.

2006 அக்டோபரில் அந்த ஊர்களில் தேர்தல் நடந்தது. மதுரைக் கலெக்டர் உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இடதுசாரிகளும் தலித் இயக்கங்களும் ஆண்டுக்கணக்கில் விடாமல் நின்றார்கள். "நூறு சதவிகித வாக்குப்பதிவு" அட்டை பிடித்தவர்கள் அந்தப் பத்து வருஷத்தில் அந்தத் தெருக்களில் நடந்ததாகத் தகவல் இல்லை. நடந்திருந்தால் சாதியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அது "அரசியல்" ஆயிற்றே!

நம் மாவட்டத்திலேயே, 2022 டிசம்பரில், வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்த கொடுமை நடந்தது. 2024 தேர்தல் வந்தபோது, நியாயம் கிடைக்காத நாங்கள் எதற்காக ஓட்டுப் போட வேண்டும் என்று அந்த மக்கள் புறக்கணிப்பு அறிவித்தார்கள். உடனே அதிகாரிகள் சமாதானம் பேச ஓடினார்கள். அந்த மக்களிடம் போய் "ஓட்டு உங்கள் உரிமை" என்று சொல்கிற தைரியம் யாருக்கு உண்டு? தொட்டித் தண்ணீர் நாறிய முதல் நாளிலிருந்து அவர்களோடு நின்றவனுக்குத்தான் உண்டு. தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால் வருகிறவனுக்குக் கிடையாது.

அரிமளத்து வாலிபர்களுக்கு

இந்த வட்டாரத்தில் இளைஞர் மன்றங்கள் இல்லாமல் இல்லை. பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி நடத்துகிறார்கள். ரத்ததான முகாம் நடத்துகிறார்கள். புயலடித்தால் மரம் வெட்டி வழிவிடுகிறார்கள். 2018 நவம்பர் கஜா புயலின்போது சர்க்கார் வருவதற்கு முன்னால் பாதையைத் திறந்தவர்கள் இப்படிப்பட்ட வாலிபர்கள்தான். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. அந்தக் கைகளில் அட்டையை மட்டும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைத்தான் குறை சொல்கிறோம்.

சுற்றியிருக்கிற கிராமங்களில் கிராமசபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம். வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம், தீர்மானம் போடலாம். ஆனால் நடப்பது என்ன? நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு முடித்துவிடுகிற ஊர்கள் எத்தனை! தீர்மானத்தை வாசித்துக் காட்டச் சொல்ல ஒரு வாலிபன் எழுந்து நின்றால் கூட்டத்தின் முகமே மாறும். அறிவொளியில் எழுத்துக் கற்ற பாட்டிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பேரேட்டை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள்.

அரிமளம் பேரூராட்சி என்பதால் இங்கே கிராமசபை கிடையாது. பதிலுக்கு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வார்டு குழு, பகுதி சபை என்று 2022-ல் விதிகள் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 1-ல் முதல் கூட்டங்கள் என்று விளம்பரமும் செய்தார்கள். கவுன்சிலர் தலைமை தாங்குவார். வார்டு ஜனங்கள் குறையைச் சொல்வார்கள் என்பது ஏற்பாடு. உங்கள் வார்டில் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது? யார் யார் உறுப்பினர்கள்? பேசியதை எழுதிய புத்தகம் எங்கே இருக்கிறது? பேரூராட்சி ஆபீசுக்கு நாலு பேர் சேர்ந்து போய், செயல் அலுவலரிடம் இந்த மூன்று கேள்விகளையும் எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்கி வாருங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு. முப்பது நாள் கெடு.

வாக்காளர் பட்டியலையும் அன்றைக்கே ஒரு பிரதி வாங்கி வந்துவிடுங்கள். எந்தத் தெருவில், யார் வீட்டுத் திண்ணையில் முதலில் படிப்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பிய பிறகு, இராத்திரி ஏழரை மணிக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது.